அந்த மணல்மேட்டை விட்டுவிடுங்கள்

நாகப்பட்டினம் மாவட்டக் கடலோர ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சிகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். போன கோடையில் எங்கள் ஊர்க் கடற்கரையில் ஒரு ஜேசிபி இரண்டு நாள் வேலை செய்தது. கரையைச் சுத்தம் பண்ணி, மக்கள் வந்து உட்கார இடம் அமைக்கிறோம் என்றார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து நான் ஏறி இறங்கிய மணல்மேட்டைக் காணோம். மணலில் படரும் அடும்பங்கொடியைச் சுருட்டி, பிளாஸ்டிக் குப்பையோடு சேர்த்து ஓரமாகக் குவித்திருந்தார்கள். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய மடல் இது.

அந்த மேடு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் கரையோரம் மணல் நடந்துகொண்டே இருக்கிறது. தெற்கேயிருந்து அலை வரும் மாதங்களில் வடக்கே போகும். வாடைக்காற்று தொடங்கினால் தெற்கே திரும்பும். தெற்கில் இலங்கை மறைத்து நிற்பதால், தென்கடல் அலையின் வேகம் கோடியக்கரைப் பக்கம் அவ்வளவாக எட்டுவதில்லை. வந்து சேர்ந்த மணல் தங்கிவிடுகிறது. வேதாரண்யத்தில் கடலை விட்டு உள்ளே நடந்தால் பழைய மணல்மேடுகள் வரிசை வரிசையாக வரும். ஒவ்வொன்றும் ஒரு காலத்துக் கடற்கரை. இன்று மாவும் தென்னையும் நிற்பது அவற்றின் மேல்தான். அந்த வட்டாரத்து ஊர்கள் பலவும் கடல் கொண்டுவந்து போட்ட மண்ணில் உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால் அலை மணலைக் கரையில் போடும், அவ்வளவுதான். அதை மேடாக்குவது காற்றும் செடியும். காய்ந்த மணலைக் காற்று தூக்கி வரும். வழியில் ஒரு கட்டை, ஒரு காய்ந்த மட்டை கிடந்தால் போதும், அங்கே காற்றின் வேகம் குறைந்து மணல் விழும். கட்டை ஒருநாள் புதைந்து போகும், அதோடு அதன் வேலை முடிந்தது. அடும்பு அப்படியில்லை. கணுவுக்குக் கணு வேர் விட்டுப் படரும். மணல் மூடினால் அதற்கு மேலே தலைதூக்கும். மறுபடி மூடினால் மறுபடி தூக்கும். செடி ஏற ஏற மேடும் ஏறும். உப்புச் சாரலும் வெயிலும் சத்தே இல்லாத மணலும் அதற்குப் பழக்கம். அதன் விதை கடலில் நாட்கணக்கில் மிதந்து வந்தும் முளைக்கும். கூடவே இராவணன் மீசைப் புல். அதன் முள் உருண்டைகள் காற்றில் உருண்டு ஓடும்போது பின்னால் ஓடாத பிள்ளை எங்கள் ஊரில் உண்டா?

இந்த இரண்டும் பிடித்த மணலில் சருகு மக்கி, கொஞ்சம் ஈரம் நிற்கும். அப்புறம்தான் தாழை, நொச்சி, பனை, புன்னை. முதல் வரிசையைப் பிடுங்கினால் பின்வரிசைக்குக் காவல் போய்விடும்.

முத்துப்பேட்டைப் பக்கம் இதே கதை சேற்றில் நடக்கிறது. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் அலை அடங்கிய நீரில் படிய, அலையாத்தி மரம் வந்து வேரூன்றுகிறது. சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டும் மூச்சுவேர்கள் இன்னும் வண்டலைத் தடுத்து நிறுத்த, தரை உயர்கிறது. அந்தக் காட்டின் அருமை இப்போது எல்லோருக்கும் தெரியும். அடும்புக்கு மட்டும் அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நம் மாவட்டம் ஆறாயிரம் பேருக்கு மேல் பறிகொடுத்தது. மணல்மேடு இருந்தால் யாருமே போயிருக்க மாட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புயல் அலை ஏறும்போது தன் மணலைக் கொடுத்து அலையின் வேகத்தை வாங்கிக்கொள்வது அந்த மேடு. மேட்டுக்குள் மழைநீர் நன்னீராகத் தங்குகிறது. கடலுக்குப் பக்கத்திலேயே ஊற்றுத் தோண்டிக் குடித்தோமே, அந்தத் தண்ணீர் இதுதான்.

2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளை அலையாத்திக் காடுகளோடு சேர்த்து முதல் வகைப் பாதுகாப்பில் வைத்திருக்கிறது. எனவே நான் கேட்பது புதுச் சலுகை எதுவும் கிடையாது. துப்புரவுப் பணி கையால் நடக்கட்டும். பிளாஸ்டிக்கைப் பொறுக்குங்கள், கொடியைத் தொட வேண்டாம். மக்கள் கடலுக்குப் போக மேட்டின் மேல் ஒரே ஒரு மரப்பாதை போதும். சவுக்கு வைப்பதாக இருந்தால் மேட்டுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் அதன் நிழலும் சருகும் அடும்பை வளர விடாது; பங்குனி ஆமை முட்டையிட வரும் திறந்த மணலும் சுருங்கும்.

எங்கள் ஊரில் போன மேட்டை மறுபடி எழுப்ப முடியும். ஐப்பசி மழை தொடங்கும்போது கணு மூன்று நான்கு உள்ள அடும்புத் துண்டுகளை மணலில் புதைத்து, கடல் பக்கம் தென்னங்கீற்று வேலி ஒன்று கட்டினால் போதும். கீற்று எங்கள் தோப்பிலேயே இருக்கிறது, வேலைக்கு இளைஞர்களும் இருக்கிறார்கள். எழுத்தில் அனுமதி கொடுங்கள். அந்த இடத்துக்கு இனி ஜேசிபி வராது என்று ஒரு வரி அதில் சேர்த்தால் மழைக்கு முன்பே வேலி கட்டிவிடுவோம்.

அன்புடன்,
கடற்கரை ஊர்க்காரன் ஒருவன்