அந்த மைனஸ் யாரோடது

அம்மாடி,

நேத்து நைட்டு போன்ல பேசினுருந்தப்போ சொன்னியே, டெஸ்ட்ல −3² கேட்டதுக்கு பேரன் 9னு எழுதி மார்க் போச்சு, நானும் எக்செல்ல அடிச்சுப் பாத்தேன் 9தான் வருது, மிஸ்கிட்ட போய் கேக்கப் போறேன்னு. போவாத கண்ணு. மிஸ் சரியாதான் போட்டிருக்காங்க, தப்பு எங்கிட்டருந்து வந்தது. நீ எட்டாவது படிக்கறப்போ ரெட்டப்படை பவர்னா பிளஸ், ஒத்தப்படைன்னா மைனஸ்னு சொல்லிக் குடுத்தேன், பிராக்கெட்ட பத்தி சொல்லாம விட்டுட்டேன், அதையேதான் நீ அவனுக்கும் சொல்லிருக்க. ராத்திரி பூரா மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

மேல இருக்கற 2 தன்ன ஒட்டினுருக்கற 3க்குதான் சொந்தம். 3×3 ஒம்போது, மைனஸ் அப்பால வந்து முன்னாடி ஒக்காரும், −9. (−3)²னு இருந்தாதான் மைனஸும் சேந்து ரெண்டு தடவ பெருக்கும், 9 வரும். எக்செல் முன்னாடி இருக்கற மைனஸ மொதல்ல எடுத்துக்கும், அது அதோட பழக்கம். அதே எக்செல்ல =0-3^2 போட்டுப் பாரு, −9 காட்டும். பைத்தான்னு புரோகிராம் எழுதற மொழில -3**2 அடிச்சாலும் −9தான்.

ரெண்டு மைனஸ் ஏன் பிளஸ் ஆவுதுனு கேட்டான்னா, பாலாத்து பாலத்துல நீ காட்பாடிய பாத்து நின்னதா சொல்லு. ஒரு மைனஸ்னா ஒரு தடவ அப்படியே திரும்பறது, வேலூர் பக்கம் பாப்ப. இன்னொரு மைனஸ், திரும்பவும் காட்பாடி. மூணாவது, மறுபடி வேலூர். (−2)³ −8 ஆவறதும் (−2)⁴ 16 ஆவறதும் இவ்ளோதான். 628லயே பிரம்மகுப்தர்னு ஒரு கணக்கு மேதை, மைனஸ கடன்னும் பிளஸ தனம்னும் வெச்சு, கடன கடனால பெருக்கினா தனம்னு எழுதி வெச்சிட்டாரு.

இன்னொன்னுலயும் கண்டிப்பா குழம்புவான், பவரே மைனஸா இருந்தா விடை மைனஸ்னு நெனப்பான். 2³ 8, 2² 4, 2¹ 2, 2⁰ 1, அப்பால 2⁻¹ அரை, 2⁻² கால், 2⁻³ அரைக்கால். ஒவ்வொரு படிக்கும் பாதிதான் ஆவுது. ஆற்காடு மக்கன் பேடாவ பாதி பாதியா பிச்சினே போனா துண்டு சின்னதாவுமே தவிர கடனாவுமா? (−2)⁻³ மட்டும் −1/8, ஏன்னா உள்ள மைனஸ் இருக்கு, அது மூணு தடவ வருது.

ஞாயித்துக்கிழமை காலைல போன் பண்றேன், அவன்கிட்ட குடு. (−1)¹⁰⁰ எவ்ளோ, −1¹⁰⁰ எவ்ளோன்னு கேப்பேன், நீ பக்கத்துல நின்னு சொல்லித் தராத.

அப்பா