வராமல் போனவர்களைப் பற்றிக் கேள்

கீழக்கரை

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை.

மாநாட்டில் வைக்க நீ செய்து வாட்ஸப்பில் அனுப்பிய உன் மனநல ஆப் ஆராய்ச்சிப் போஸ்டரை விரலால் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்தேன். இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் ஏறும். ஆனாலும் கட்டம் கட்டமாக அம்புக்குறி போட்டிருந்தாயே, அது நன்றாகவே புரிந்தது. இத்தனை பேரைக் கேட்டோம், இத்தனை பேர் சம்மதித்தார்கள், இரண்டு குழுவாகப் பிரித்தோம். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம்: தொடர்பு விட்டுப்போனவர்கள். சேர்ந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அந்தச் சின்னக் கட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள். ஏன் என்று ஒரு வரி இல்லை. இதைப் போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது நீதான் படித்துக் காட்டினாய். 2019ல் வந்த ஓர் ஆய்வில் 93 மனநல ஆப்களைப் பார்த்தார்களாம். போனில் இறக்கியவர்களில் 30ஆம் நாளும் திறந்து பார்ப்பவர்கள் சுமார் 3.3 சதவீதம்தான். 2005லேயே ஒருவர் இப்படி ஆள் கழன்றுபோவதை ஒரு விதி என்றே எழுதினார் என்றும் சொன்னாய். அவர் அதை ஆராயச் சொல்லித்தான் எழுதினாராம். ஆனால் விதி என்று பேர் வைத்துவிட்டால் மற்றவர்களுக்கு வசதி, யாரும் தேடிப் போக வேண்டியதில்லை பார்!

வீடு வீடாகப் போகும் எங்கள் சுகாதார வேலையில் அந்த வசதி கிடையாது. தடுப்பூசிக்கு வராத பிள்ளை, காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்திய ஆள் என்று பெயர் எழுதிக்கொண்டு சாயங்காலம் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். நிற்பதற்கும் ஒரு முறை உண்டு. "ஏன் வரலை?" என்று எடுத்தவுடன் கேட்டால் பொய்தான் வரும். சின்ன ஏர்வாடிப் பக்கம் ஒரு பெண் கடலில் பாசி எடுத்துவிட்டு அப்போதுதான் வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்குப் பாசி எப்படி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசி விரலுக்கு வருவதற்குள் வீட்டில் நடப்பது அத்தனையும் சொல்லி முடித்தாள்.

அந்த விரல்களை நினைத்துப் பார், ஆத்தா. உப்புத் தண்ணீரில் ஊறி, கீறல் விழுந்து, ரேகையே இருக்காது. ரேஷன் கடை மெஷினே அவளை நாலு தடவை துடைத்துவிட்டு வைக்கச் சொல்லும். உன் ஆப்பைத் திறக்க விரல் வைக்கச் சொன்னால் அது திறக்குமா? திறக்கவில்லை என்றால் உன் கணக்கில் அவள் "ஆர்வம் இழந்தவள்".

போன் யாருடையது என்பது அடுத்த கேள்வி. பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். அது வீட்டுக்காரரோடு கடலுக்குப் போய்விடும். ராமேஸ்வரம், மண்டபம் விசைப்படகுகள் காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். இரவு எட்டு மணிக்கு நீ அனுப்புகிற "இன்று உங்கள் மனநிலை எப்படி?" பாக் நீரிணை நடுவே இரால் வலைக்குப் பக்கத்தில் போய் மணி அடிக்கும், அதுவும் சிக்னல் இருந்தால். இலங்கை நேவி படகைப் பிடித்துவிட்டால் ஆளும் அந்தக் கரை, போனும் அந்தக் கரை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு உன் உதவி அதிகமாகத் தேவைப்படுகிற வாரத்தில்தான் அவள் உன் ஓரக் கட்டத்துக்குள் விழுவாள்.

தூக்கம் எப்படி என்று கேட்கிறாயே, படகுக்காரனிடம் அதைக் கேட்டால் சிரிப்பான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது எடுத்த கணக்கையும் ஐப்பசியில் எடுத்த கணக்கையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி போடாதே. கையில் காசில்லாததையும் மனம் சோர்ந்ததையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிக்க முடியாத இடத்தில் முடியவில்லை என்றே எழுது.

ஏர்வாடியைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே மனநோயாளிகளைக் கட்டி வைத்திருந்த கொட்டகை பற்றி எரிந்தது. சங்கிலியில் கிடந்த 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலி போடக்கூடாது என்று 2017 மனநலச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் சங்கிலியை மட்டுமே எல்லோரும் பேசுகிறார்கள். எங்கெங்கிருந்தோ கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனவர்களில் எத்தனை பேரை அப்புறம் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார்? இந்தக் கரையில் பிறந்து மனநல ஆராய்ச்சிக்குப் போனவள் நீ. விட்டுப்போனவர்கள் என்று ஒரு கட்டம் போட்டு அடைத்துவிட்டுப் போவது உனக்கு அழகில்லை.

சரி, மாநாட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதை நடத்தும் இணையவழிச் சிகிச்சை ஆராய்ச்சிக்காரர்களின் உலகச் சங்கம் 2004ல் ஆரம்பித்தது என்றாய். இருபது வருஷத்துக்கு மேல் கூடிப் பேசியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கும். மேடையில் பேசுகிறவரிடம் எத்தனை பேருக்குக் குணமானது என்று எல்லோரும் கேட்பார்கள். பாதியில் போனவர்களில் ஒருவருக்காவது போன் பண்ணிப் பார்த்தீர்களா, என்ன சொன்னார்கள் என்று நீ கேள். இப்படிப்பட்ட ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று 2011ல் வந்த கான்சார்ட் இ-ஹெல்த் பட்டியலிலேயே விட்டுப்போனவர் கணக்கைத் தெளிவாகக் காட்டச் சொல்லியிருக்கிறது என்று நீதானே சொன்னாய், அதனால் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மேடையில் சொல்லாததை டீ குடிக்கும்போது சொல்வார்கள். ஆகவே இடைவேளையில் ரூமுக்கு ஓடிப்போய் லேப்டாப்பைத் திறக்காதே. நம்ம ஊர்ப் பிள்ளைகளோடு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்காதே. முந்தின நாள் இளம் ஆய்வாளர்களுக்கு நடக்கும் பயிற்சியில் முன்வரிசையில் உட்கார்.

அங்கே பேசும் மெஷின்களைப் பெருமையாகக் காட்டுவார்கள். 1966லேயே வைசன்பாம் என்பவர் எலிசா என்று பதில் பேசும் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றைச் செய்தபோது, அதனோடு தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே போங்கள் என்று அவருடைய செக்ரட்டரியே அவரிடம் சொன்னாளாம். மனுஷர்கள் மனசைத் திறப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திறந்த பிறகு யார் வருவார்கள் என்பதுதான் என் கேள்வி.

அதனால் இனி, மாநாட்டிலிருந்து திரும்பி வந்து உன் ஆட்களுக்கு நீ நடத்தப்போகும் பயிற்சியைப் பற்றிச் சொல்கிறேன். நான் போன பயிற்சிகளில் பாதி இப்படித்தான்: காலையில் கையெழுத்து, ஒரு பை, ஒரு நோட்டு, குத்துவிளக்கு, மதியம் பிரியாணி, அப்புறம் இருட்டு அறையில் படம். கற்றுக்கொண்டதெல்லாம் மூத்த நர்சம்மா ஒருவர் பின்னால் வெயிலில் நடந்தபோதுதான். உன் ஆட்களை ஒரு நாள் ஹாலில் உட்கார வை, மறுநாள் வெளியே அனுப்பு. ஆப்பை நிறுத்திவிட்ட ஒருவர் வீட்டுக்கு, அவர் முன்கூட்டியே சம்மதித்திருந்தால் மட்டும், ஒருவர் கூடவே போய் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரட்டும். வாசலில் நின்று மனநலம் என்று கத்தக்கூடாது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் அவளுக்கு மூத்த பெண்ணின் கல்யாணமே நின்றுபோகும்.

மனச்சோர்வை அளக்க உன் ஆப்பில் வைத்திருக்கும் அந்த ஒன்பது கேள்வித் தாளில் ஒன்பதாவது கேள்வி, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்பது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒருத்தி அதில் "சில நாட்கள்" என்று தொட்டால் உங்களில் யாருடைய போன் அடிக்கும்? பயிற்சியில் இதை ஆள் ஆளாக நடித்துப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை, டெலி மனஸை, திரையில் போட்டால் மட்டும் போதாது. அது 24 மணி நேரமும் இருக்கிறது, தமிழிலும் பேசுவார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் மறுநாள் காலையில் அவளைப் போய்ப் பார்ப்பது யார் என்று பெயரோடு எழுதியிருக்க வேண்டும். மனநல டாக்டர் சாரதா மேனன் அம்மா 1984ல் சென்னையில் ஆரம்பித்த ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம், 2010 வாக்கில் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ் விட்டது. உள்ளே திரையில் சென்னை டாக்டர், பஸ்ஸிலேயே மருந்து. எல்லோரும் அந்தப் பஸ்ஸைத்தான் பேசுவார்கள். எனக்கு அதில் பிடித்தது, நோயாளிகளைக் கண்டுபிடிக்கவும் தொடர்ந்து பார்க்கவும் உள்ளூர் ஆட்களை வைத்திருந்தார்கள் என்பதுதான்.

பயிற்சியில் நான் வந்து பேச வேண்டும் என்றாயே, வருகிறேன். பாசி எடுக்கும் பெண்கள் இரண்டு பேரையும் கூடவே கூட்டி வருகிறேன், அவர்களும் பேசுவார்கள். கடைசியில் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடலாம் என்று நினைக்காதே. டாக்டர்களுக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதே தொகை எங்கள் மூவருக்கும் வேண்டும். அவர்கள் இருவருக்கும் அன்றைக்குப் பாசி போய்விடும், அந்தக் கூலி தனி. பஸ் காசும் தனி. இப்போதே பட்ஜெட்டில் எழுதிவிடு, அப்புறம் தலைப்பு இல்லை என்று சொல்லாதே.

அன்புடன்,
அம்மா