கடைசி இரவைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவமனைகளில் நிகழும் இறப்புகளை 61 விழுக்காட்டிலிருந்து 2027க்குள் 51 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டும் என்று 2023ல் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு இலக்கு வைத்தது. அதற்கும் முன்பு, 2014ல் லியன் அறநிறுவனம் நடத்திய கருத்தாய்வில் 77 விழுக்காட்டினர் வீட்டிலேயே கண்ணை மூட வேண்டும் என்றுதான் சொன்னார்கள். பிறகு ஏன் இத்தனை பேர் வார்டில் இறக்கிறார்கள்? வீடு சின்னது, ஆள் இல்லை, செலவு என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் என் மாமியாரை வீட்டில் வைத்துப் பார்த்த எனக்குத் தெரிந்த பெரிய காரணம் பயம். குறிப்பாக அந்தக் கடைசி இரவின் பயம்.

மாமியாருக்கு இதயம் பலவீனம். கால் வீங்கும், மூச்சு வாங்கும், ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தார். “இனி அங்கே மட்டும் கொண்டுபோயிடாதேம்மா” என்று என்னிடம் சொல்லிவிட்டார். குணமாக்க முடியாத நோயில் வலியையும் அவதியையும் தணிக்க வீட்டுக்கு வந்து பார்க்கும் ஹாஸ்பிஸ் சேவை புற்றுநோய் வந்தவர்களுக்குத்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இதயம், சிறுநீரகம், நுரையீரல் கெட்டுப்போய் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கும் அது உண்டு. எச்சிஏ ஹாஸ்பிஸ் 1989ல் தொடங்கியது. இன்னும் சில அமைப்புகளும் வீடுதேடி வருகின்றன. டாக்டரிடம் நாமே வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வந்த தாதி ஒரு சீனப் பெண். மாமியாருக்குத் தமிழும் அந்தக் காலத்துச் சந்தை மலாயும்தான் தெரியும். தாதி கட்டில் ஓரம் குனிந்து, “சாக்கிட்?” (வலிக்கிறதா?) என்று கேட்பார். மாமியார் தலையை ஆட்டி “தா சாக்கிட், தா சாக்கிட்” (வலிக்கவில்லை) என்பார். வலிக்கு அது போதும். அதைவிடப் பெரிய விஷயங்களைத் தாதி எங்களிடம்தான் சொன்னார், பொறுமையாக, ஒவ்வொன்றாக. சாப்பாடு குறையும், கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். உதடு காய்ந்தால் பஞ்சை நனைத்துத் தடவுங்கள். கை கால் சில்லிட்டுப் போகும், முழங்காலில் தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறும். மூச்சு சற்று நின்று மறுபடி வரும். தொண்டையில் கறகறவென்று சத்தம் கேட்கும், அது கேட்பவர்களுக்குத்தான் அதிக வேதனை, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறலுக்குக் கொஞ்சமாக மார்ஃபின் என்ற வலிநிவாரணி மருந்து கொடுக்கலாம், சொன்ன அளவில் கொடுத்தால் அது உயிரை எடுத்துவிடாது.

அந்தச் சத்தம் நடுநிசியில் வந்தது. என் கொழுந்தனார் பதறிப்போய், “995ஐக் கூப்பிடுங்க அண்ணி, என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க!” என்று கத்தினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெற்ற தாய், அதுவும் அப்படியொரு சத்தம். ஆம்புலன்ஸ் வந்தால் வருபவர்கள் உயிரைக் காப்பாற்றத்தான் முயல்வார்கள், அதற்குத்தானே அழைக்கிறோம். நெஞ்சை அமுக்குவார்கள், தூக்கிக்கொண்டு போவார்கள். மாமியார் கேட்டுக்கொண்டதெல்லாம் பத்து நிமிடத்தில் காற்றில் போயிருக்கும். தாதி சொன்னதைக் காதால் கேட்டிருந்ததால்தான் நானும் என் கணவரும் ஹாஸ்பிஸின் இரவு எண்ணை அழைத்தோம். மாமியாரை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். கொழுந்தனார் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விடியும் முன்னே மூச்சு அடங்கியது.

அப்புறம் துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் கேட்டார்கள்: “ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலையா?” நம் சமூகத்தில் இந்தக் கேள்விக்குப் பயந்தே எத்தனையோ பேர் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார்கள். கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்று. பெரியவர் தெம்பாக இருக்கும்போதே தன் விருப்பத்தைப் பிள்ளைகள், தம்பி தங்கைகள் எல்லாரும் இருக்கும்போது சொல்லி, முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமாகப் பதிந்தும் வைத்துவிட்டால் இந்தப் பழி யார்மீதும் விழாது. நல்ல நாளில் சாவுப் பேச்சு எதற்கு என்று வாயை அடைப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

இறப்பை உறுதிப்படுத்த எந்த டாக்டரை அழைப்பது என்பதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோய் விவரம் தெரிந்த டாக்டர் வந்து பார்த்துக் காரணத்தைச் சான்றளித்தால் காரியங்கள் சுலபமாக நடக்கும். காரணம் தெரியவில்லை என்றால் போலிஸ், பிரேதப் பரிசோதனை என்று நீளக்கூடும். 2022 மே 29 முதல் டாக்டர் இணையத்தில் சான்றளித்ததுமே இறப்பு தானாகப் பதிவாகிவிடுகிறது. பதிவு செய்ய எங்கும் அலைய வேண்டாம். ஆனால் மின்னிலக்கச் சான்றிதழை 30 நாளுக்குள் பதிவிறக்கம் செய்துவிட வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்த குறிப்புத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. கொழுந்தனாரின் மனைவிக்கோ, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கோ அது உதவவில்லை. உங்கள் நாளிதழ் ஒரு நோய்த்தணிப்பு மருத்துவரை அழைத்து, கடைசி நாட்களில் உடலில் என்னென்ன மாறும், எதற்குப் பயப்பட வேண்டாம், யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதை வெட்டி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்துக்கொள்ள எங்கள் புளோக்கிலேயே நாலைந்து வீடுகள் இருக்கின்றன.

வாசகி,
அங் மோ கியோ