கேட்டது 135, கொடுத்தது 200: லென்ஸை மாற்றித் தரக் கோரும் புகார்க் கடிதம்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: தங்கள் ஆலோசகரின் பரிந்துரையில் வாங்கிய 200 மி.மீ. எஃப்/2 லென்ஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நான் முதலில் கேட்ட 135 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைத் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: லென்ஸில் பழுது இல்லை. நான் முன்பு எழுதிய கடிதத்தை உங்கள் பிரிவில் யாரோ முதல் வரியோடு மூடிவைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. "லென்ஸைப் பரிசோதித்தோம். குறை ஏதும் இல்லை. பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை" என்று பதில் வந்தது. கூடவே பரிசோதனைக் கட்டணத்துக்கு ஒரு ரசீது. பரிசோதிக்கச் சொன்னவர் யார்? லென்ஸ் சரியில்லை என்று நான் எழுதவே இல்லை. நீங்கள் சொன்ன யோசனை சரியில்லை என்றுதான் எழுதினேன். ஆகவே இந்த முறை நடந்ததை ஆதியோடந்தமாக எழுதுகிறேன். பொறுமையாகக் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

நான் மனிதர்களைப் படமெடுப்பவன். குடும்பப் படங்கள், தனிநபர் உருவப்படங்கள். என்னிடமிருந்த 85 மி.மீ. லென்ஸ் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் மார்பளவுப் படங்களுக்கு இன்னும் சற்றுக் குவிய நீளம் (மி.மீ. எண்) கூடிய, துளை பெரிதாகத் திறக்கிற (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) ஒரு பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ், வேண்டுமென்று பல நாள் ஆசை. 135 மி.மீ. எஃப்/1.8 வாங்கலாமா, 105 மி.மீ. எஃப்/1.4 வாங்கலாமா என்று இரண்டு மனதாக இருந்தபோதுதான் உங்கள் 'லென்ஸ் தேர்வு ஆலோசனை' பிரிவுக்கு எழுதினேன். வெறுமனே "எது நல்லது" என்று கேட்கவில்லை. என் அறை சுவருக்குச் சுவர் 7 மீட்டர் என்று எழுதினேன். அமர்பவருக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் விட்டால்தான் பின்புலத் திரைக்கு விளக்கு வைக்க முடியும் என்று எழுதினேன். கையில் பிடித்தே எடுப்பேன், ட்ரைபாட் எனக்கு ஒத்துவராது என்றும் எழுதினேன். வெயிலில் ஃபிளாஷ் போட்டு எடுப்பதற்காக வெளிச்சத்தைக் குறைக்கும் 82 மி.மீ. என்.டி. ஃபில்டர் ஒன்று வைத்திருப்பதையும் விடவில்லை. முழு ஃபிரேம் கேமரா (சென்சார் 36 × 24 மி.மீ.) என்பதையும் சேர்த்தே எழுதினேன். இதற்கு மேல் ஒரு வாடிக்கையாளர் என்ன சொல்ல வேண்டும்?

ஆலோசகரின் பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. நகலை இத்துடன் வைத்துள்ளேன். 135, 105 இரண்டுமே "பாதி வழியில் நிற்பவை" என்று அவர் முடிவுகட்டியிருந்தார். "உருவப்படத்தின் ராஜா 200 எஃப்/2தான். பின்புலம் மற்ற எதைவிடவும் கூடுதலாகக் கரையும். முகமும் அழகாகத் தட்டையாகும். உங்கள் அறை தாராளமாகப் போதும். ஃபில்டரை வளையம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தார். பின்புலம், முகம், அறை, ஃபில்டர் என்று அவர் சொன்னவை நான்கு. வெட்டவெளிக்கு மட்டும் பொருந்துகிற முதலாவதைத் தவிர மற்றவை அத்தனையும் தவறு. அந்த முதலாவதும் என் அறைக்குப் பொருந்தவில்லை.

அறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் கேள்வி கேட்டதே அதைப் பற்றித்தான். கேமராவை நெட்டையாகப் பிடித்தால் சென்சாரின் உயரம் 36 மி.மீ. ஆறடி மனிதர் ஒருவரை உச்சி முதல் பாதம்வரை, அதாவது 1.8 மீட்டரை, அந்த 36 மி.மீ.க்குள் அடக்க 200 மி.மீ. லென்ஸோடு ஏறத்தாழ 10 மீட்டர் பின்னால் போக வேண்டும். முழங்காலுக்கு மேல் எடுக்கவே 7 மீட்டர் தேவை. என் அறையில் பின்புலத்துக்கு ஒன்றரை மீட்டர், நான் நிற்க அரை மீட்டர் போனால் மிஞ்சுவது 5. இடுப்பளவுப் படத்துக்குக்கூட என் முதுகு சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அப்போதும் தலைக்கு மேலே காற்றுக்கு இடமில்லை. மார்பளவு மட்டும் மூன்றரை மீட்டரில் அமைகிறது. 135 இருந்திருந்தால் முழங்காலளவுப் படத்தை நாலரை மீட்டரைச் சற்றுத் தாண்டி எடுத்து முடித்திருப்பேன். முழு உருவத்துக்கு என் பழைய 85 போதும். குவிய நீளத்தைப் பெருக்கி வகுக்கும் இந்தக் கணக்குக்குக் காகிதத்தின் ஓர் ஓரம் போதும். உங்கள் ஆலோசகர் அதைப் போடாமலேயே "தாராளமாகப் போதும்" என்று எழுதிவிட்டார். நானும் போடவில்லை, நம்பினேன். என் பங்குக்கு அந்தத் தவறை ஒப்புக்கொள்கிறேன்.

சரி, அறை போனால் போகிறது, பின்புலமாவது கரைந்ததா? உங்கள் பிரிவில் லென்ஸைப் பற்றித் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். குவிய நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் 200 எஃப்/2 லென்ஸின் துளை 100 மி.மீ. அகலம், 135 எஃப்/1.8, 105 எஃப்/1.4 இரண்டுக்கும் 75 மி.மீ. பின்புலம் வெகுதூரத்தில் இருந்தால் இந்த அகலம்தான் மங்கலை முடிவுசெய்யும். தொலைவிலுள்ள விளக்குப் புள்ளி ஒன்று, ஆள் நிற்கும் இடத்தின் அளவுகோலில், ஏறத்தாழ அந்தத் துளையளவு வட்டமாக விரியும். ஆகவே வெட்டவெளியில் 200க்குப் பக்கத்தில் இந்த இரண்டும் நிற்க முடியாது; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பின்புலம் ஒன்றரை மீட்டரில் தொங்கும் திரையானால் கதை மாறுகிறது. ஒரே மார்பளவுப் படத்தை மூன்று லென்ஸிலும் எடுப்பதாக வைத்துக்கொண்டால், அதே அளவுகோலில் 200இன் மங்கல் வட்டம் 30 மி.மீ.; 135இல் 29. நான் கேட்ட 105இல் 34. ஆம், அறைக்குள் 105 எஃப்/1.4தான் கூடுதலாகக் கரைக்கிறது. 200 மி.மீ.யோடு நான் மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பதால், திரைக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளி அந்தத் தூரத்தின் முன் சிறுத்துப்போகிறது. "மற்ற எதைவிடவும் கூடுதலாக" என்ற வாக்கை நம்பித்தான் இதைச் சுமக்கிறேன். சுமந்ததற்குக் கிடைத்த மிச்சம் ஒரே ஒரு மி.மீ.

முகம் தட்டையாவது பற்றியும் ஒரு வார்த்தை. முகத்தின் விகிதத்தை மாற்றுவது லென்ஸ் அல்ல, நிற்கும் தூரம். மூன்றரை மீட்டரில் நின்று 85இல் எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கினால் மூக்கும் காதும் 200இல் இருப்பது போலவேதான் இருக்கும். படமெடுக்கக் கற்றுக்கொள்ளும் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடுகிற செய்தி இது. இதை ஒரு லென்ஸின் சிறப்பாக எழுதி விற்பது நாணயமான வேலையாகத் தோன்றவில்லை.

வெளியில் எடுத்துப் பார்த்தால் தெரியும் என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். எடுத்தேன். வயதான தம்பதி, திருமண நாளுக்காகப் படம் கேட்டு வந்தவர்கள். திறந்த வெளி, நல்ல மாலை வெளிச்சம், பின்னால் ஐம்பது மீட்டருக்கு அப்பால் மரங்கள். ராஜாவுக்கு ஏற்ற சபை என்றுதான் நினைத்தேன். இருவரையும் முழு உருவமாக எடுக்கப் பத்து மீட்டர் தள்ளிப் போனேன். பெரியவருக்குக் காது சற்று மந்தம். "இந்தப் பக்கம் பாருங்கள்" என்று நான் கத்தும் ஒவ்வொரு முறையும் அவர் மனைவி பக்கம் திரும்பி, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். அந்த அம்மா அவர் காதருகே குனிந்து சொல்லுவார். சொல்லி முடித்து நிமிர்வதற்குள் அவருடைய சிரிப்பு போய்விடும். முப்பது படங்களுக்கு மேல் எடுத்தேன். பெரும்பாலானவற்றில் ஒருவர் என்னையும் மற்றவர் இன்னொருவரையும் பார்க்கிறார். நல்ல முகம் அமைந்தவை இரண்டே இரண்டு. இரண்டும் நான் அலுத்துப்போய்ப் பையிலிருந்து 85ஐ எடுத்துக்கொண்டு அருகில் போய்ப் பேசிக்கொண்டே எடுத்தவை. உருவப்படம் பாதி பேச்சில்தான் உருவாகிறது. பத்து மீட்டரில் பேச்சு கிடையாது, கட்டளைதான்.

இந்த வகை லென்ஸ் எந்த வேலைக்குக் கைகொடுக்கும் என்பது விற்பவருக்குத் தெரியாததா என்ன? 1988இல் கேனான் 200 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைக் கொண்டுவந்தது. 2008இல் எஃப்/2 வந்தது. வெளிச்சம் போதாத உள்ளரங்கில் ஓடுகிறவரைத் தூரத்திலிருந்து பிடிக்க வேண்டிய விளையாட்டுப் படக்காரருக்கு இப்படி ஒரு கண்ணாடி வரம். அவர் யாரோடும் பேச வேண்டியதில்லை; மோனோபாடும் (ஒற்றைக்கால் தாங்கி) வைத்திருப்பார். எனக்கோ, கேமராவோடு சேர்த்து மூன்றரைக் கிலோவைக் கையில் தூக்கி, ஒரு கண்ணைக் குழந்தையின் இமைமேல் வைத்துக் காத்திருக்க வேண்டும். பத்தாவது நிமிடத்தில் இடது மணிக்கட்டு நடுங்கத் தொடங்குகிறது. நடுக்கத்தைக் குறைக்கும் வசதி லென்ஸில் இருந்தாலும் மார்பளவுப் படத்தில் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே மூன்றரை சென்டிமீட்டர்தான். நான் முன்னும் பின்னும் ஆடுவதை அந்த வசதி எப்படித் தடுக்கும்?

ஃபில்டர் விஷயம் சிறியதுதான், ஆனால் அதுதான் என்னை அதிகம் எரிச்சலூட்டியது. உச்சி வெயிலில், சென்சாரின் ஒளியுணர்வை ஐ.எஸ்.ஓ. 100இல் வைத்து, எஃப்/2 திறந்து எடுக்க ஷட்டர் 1/6400 நொடி வரை போக வேண்டும். ஃபிளாஷ் முழு வலுவோடு ஒத்துழைப்பது 1/200 வரைதான். இந்த ஐந்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் ஒரு முறை பாதியாவது) இடைவெளியை அடைக்கத்தான் என்.டி. ஃபில்டர். லென்ஸின் முகப்புக் கண்ணாடியே 100 மி.மீ.க்கு மேல். அதன்மேல் 82 மி.மீ. ஃபில்டரை எந்த வளையத்தைக் கொண்டு மாட்டுவது? பானை வாயை டம்ளர் மூடியால் மூடுகிற கதை. இந்த லென்ஸுக்குப் பின்பக்கத்தில் ஒரு செருகுபெட்டி இருக்கிறது; அதில் 52 மி.மீ. ஃபில்டர்தான் போடலாம். இது லென்ஸோடு வந்த கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. நான் பார்த்துவைத்திருந்த 135க்கோ முகப்பு 82 மி.மீ.; கையிலிருந்த ஃபில்டர் அப்படியே பொருந்தியிருக்கும். நான் அந்த எண்ணைக் கடிதத்தில் குறிப்பிட்டதே அதற்காகத்தான்.

லென்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டுத் தெருவில் சைக்கிளோடு நின்ற சிறுமியை ஒரு நாள் இதில் எடுத்தேன். முழுத் துளையில், இமை முடிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். அவளுக்குப் பின்னால் தெருவே பாலில் கரைந்ததுபோல் இருக்கிறது. அந்தப் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு படத்துக்காக ஒரு லென்ஸ் வைத்துக்கொள்ளும் வசதி எனக்கில்லை.

உங்கள் அலுவலர் தொலைபேசியில் இரண்டு சமாதானங்கள் சொன்னார். ஆலோசனை என்பது "வழிகாட்டுதல் மட்டுமே", முடிவு வாடிக்கையாளருடையது என்பது ஒன்று. அப்படியானால் அதற்கு ஒரு பிரிவு எதற்கு, அந்தப் பிரிவின் பெயரைப் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்துவது எதற்கு? வேண்டுமானால் பழைய பொருளாக எடுத்துக்கொள்கிறோம், வாங்கிய விலையில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் என்பது இன்னொன்று. ஒரு மாதம்கூட ஆகாத லென்ஸுக்கு இந்த விலை. அதே நாளில் உங்கள் கடையில் இதே ரகப் பழைய லென்ஸ் ஒன்று என்ன விலைக்கு விற்பனைக்கு இருந்தது என்பதை நான் பார்த்துவிட்டுத்தான் அவரோடு பேசினேன். அதைச் சொன்னதும் அவர் "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். அந்த மேலிடம் நீங்கள்தான் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது அதிகமில்லை. லென்ஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 135 மி.மீ. எஃப்/1.8 ஒன்றைத் தாருங்கள். விலை வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுங்கள். நான் பயன்படுத்திய சில வாரங்களுக்காக நியாயமான ஒரு தொகையைக் கழித்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. நான் கேட்காத பரிசோதனைக்கு வாங்கிய கட்டணத்தைக் கழிவின்றித் திருப்ப வேண்டும். பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், தொலைபேசி வேண்டாம். வராவிட்டால் ஆலோசகரின் பதிலோடும் உங்கள் மூன்று வரிக் கடிதத்தோடும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.

லென்ஸ் அதன் பெட்டியில், ஹூட், தோள்வார், செருகு ஃபில்டர் சட்டம் எல்லாவற்றோடும் தயாராக இருக்கிறது. பெட்டியின் இடப்பக்க ஓரத்தில் உள்ள கிழிசல் வந்தபோதே இருந்தது. பிரித்த அன்றே எடுத்த படம் என்னிடம் உள்ளது. எடுத்துப்போக வருபவரிடம் எடையை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்