செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25 (மொட்டைமாடி மெஷின் பற்றிய விளக்கத்துடன்)

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அம்மாவுக்கும், பொதுக்குழுவுக்கு நேரில் வந்த 19 பேருக்கும், வராமல் வீட்டில் இருந்தபடியே வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்ட மற்றவர்களுக்கும் வணக்கம். கூட்டத்தில் நான் வாசித்த அறிக்கைதான் இது. மைக் பாதியில் மக்கர் செய்ததால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றார்கள், அதனால் முழுசாக எழுதிப் போடுகிறேன்.

சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் கொடி ஏற்றினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. கொசு மருந்து மூன்று முறை அடித்தாயிற்று. நான்காவது தெருவில் எரியாத விளக்குக்கு மனு கொடுத்தோம், இப்போது எரிகிறது. செயற்குழு ஆறு முறை கூடியது, அதில் நான்கு முறை நானும் பொருளாளர் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தோம்.

இனி மாடியில் இருக்கும் மெஷின், அதாவது மழையும் வெப்பமும் அளக்கும் வானிலைக் கருவி. "செயலாளர் சங்கப் பணத்தில் பொம்மை வாங்கி விளையாடுகிறார்" என்று குரூப்பில் ஒரு வரி வந்தது. போட்டவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, அவருக்கு இரண்டு வருஷச் சந்தா பாக்கி என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பொம்மைக்கும் வானிலைக் கருவிக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் நானும் முதலில் ஏமாந்தேன், அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நம் வேலூர்ப் பக்கத்து மழை எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சாயங்காலம் இடி இடித்துக் கொட்டும், ஆனால் கொட்டுகிற இடத்தில் மட்டும்தான். பாகாயத்தில் குடை பிடித்துப் போவார்கள், காட்பாடியில் புழுதி பறக்கும். பேப்பரில் குடியாத்தம், மேலாலத்தூர், பொன்னை என்று மழையளவு போடுவார்கள், நம் தெருவுக்கு எவ்வளவு என்று அதில் இருக்காது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனபோது ஐந்தாவது தெருக்காரர்கள் ராத்திரி முழுக்க ஒருவருக்கொருவர் போன் பண்ணி "அங்கே எவ்வளவு, அங்கே எவ்வளவு" என்று கேட்டுக்கொண்டிருந்தது நினைவிருக்கும். யாரிடமும் ஒரு எண் கிடையாது. "செம மழை" என்பதுதான் அன்றைய அளவு.

முதலில் என் சொந்தக் காசில் மூன்றாயிரம் ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். அட்டைப்பெட்டியில் வானிலை நிலையம் என்றே போட்டிருந்தது. வெப்பம், ஈரப்பதம், கடிகாரம், அப்புறம் சூரியன், மேகம் என்று ஒரு படம், அவ்வளவுதான். மழை அளக்கவே அளக்காது. அந்தப் படமோ வெயில் கொளுத்தினாலும் தினமும் மூன்று நான்கு மணிக்கு மேகத்தைக் காட்டிற்று. இப்படிப்பட்ட பெட்டிகள் காற்றழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வைத்துத்தான் படம் போடுகின்றன என்று பிறகுதான் படித்தேன். நம் ஊர்ப் பக்கம் அழுத்தம் தினமும் காலை பத்து மணி வாக்கில் உச்சத்துக்குப் போய், சாயங்காலம் நான்கு மணி வாக்கில் சில மில்லிபார் இறங்கும், மழை வந்தாலும் வராவிட்டாலும். குளிர்நாட்டுக் கணக்கில் செய்த பெட்டிக்கு அது மழை வருவதாகத் தெரிகிறது போலும்.

ஆகவே இரண்டாவது முறை ஆற அமர விசாரித்தேன். அமெரிக்க டேவிஸ் கருவி நல்ல பெயர் வாங்கியது, விலை கேட்டால் அரை லட்சத்துக்கு மேல் சொன்னார்கள், நம் சந்தா நிலவரத்தில் அதைக் கனவில்கூடப் பார்க்க முடியாது. நடுத்தர விலையில் வருபவற்றில் பல, ஃபைன் ஆஃப்செட் என்ற ஒரே சீனக் கம்பெனி செய்பவை, பெயர் மட்டும் வேறு வேறு. அமெரிக்காவில் ஆம்பியன்ட் வெதர் என்று விற்பதும், ஈகோவிட் என்று வருவதும் அந்தக் குடும்பம்தான். முதல் தெரு சார் ஒருவர், "என் பையன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவருவான், பாதி விலை" என்றார். வேண்டாம் என்றேன், அதில் இன்னும் வருத்தமாக இருக்கிறார். அவருக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். மாடிச் சென்சார் கீழே உள்ள திரைக்கு ரேடியோவில் பேசுகிறது. அங்கே விற்பது 915 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும், இங்கே அந்த அலைவரிசையை ஒட்டி செல்போன் அலை ஓடுகிறது. பாதி விலைக்கு வாங்கி முழு வம்பை ஏன் இழுத்துக்கொள்ள வேண்டும்?

காற்று வேகத்துக்குச் சுழலும் கிண்ணமும் இல்லாமல், துளி விழும் அதிர்வை வைத்தே மழையைக் கணக்கிடும் புது மாடலும் இருக்கிறது. பார்க்க அழகு. நமக்கு முக்கியம் மழை, அதனால் தண்ணீரை உண்மையிலேயே வாங்கி அளக்கும் பழைய வகைதான் சரி என்று முடிவு செய்தேன். உள்ளே பூங்கா சீசா பலகை மாதிரி இரண்டு குட்டிக் கிண்ணங்கள், ஒன்று நிறைந்தால் சாயும், மற்றது மேலே வரும், ஒவ்வொரு சாய்வையும் எண்ணிக் கணக்கு வைக்கும். சூரியத் தகடு, இரண்டு பென்சில் பேட்டரி, வைஃபை (2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும், இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணானது). விலை இருபதாயிரத்துச் சொச்சம், அதில் ஆறாயிரம் நான் போட்டது.

பொருத்திய முதல் வாரமே ஏச்சு வாங்கினேன். செய்தியில் சொன்னதைவிட மூன்று நான்கு டிகிரி கூடக் காட்டியது. மெஷின் மேல் தப்பில்லை, கறுப்புத் தண்ணீர் டேங்க் பக்கத்தில், சூடேறிய தளத்துக்கு முழ உயரத்தில் வைத்தது என் தப்பு. இப்போது டேங்கை விட்டுத் தள்ளி, ஆள் உயரக் குழாயில் நிற்கிறது, வித்தியாசம் பெரும்பாலும் ஒரு டிகிரிக்குள்தான். காற்று வேகத்தை மட்டும் நம்பாதீர்கள், அதற்குப் பத்து மீட்டர் உயரமும் திறந்த வெளியும் வேண்டும், நமக்கு மூன்று பக்கமும் மாடி வீடுகள்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்த அன்று ஒரு உறுப்பினர் திரையைப் படம் பிடித்து, "அழுத்தம் 984, புயல் நம் தலைக்கு மேல்" என்று குரூப்பில் போட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் மூன்று பேர் ரொட்டி, மெழுகுவத்தி வாங்கக் கிளம்பிவிட்டார்கள். நாம் கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கு மேலே இருக்கிறோம், எட்டு ஒன்பது மீட்டருக்கு ஒரு மில்லிபார் குறையும், ஆக சாதாரண நாளிலேயே இங்கே கடல் மட்டத்து அளவைவிட இருபத்து நாலு, இருபத்தைந்து குறைவாகத்தான் காட்டும். கடல் மட்டக் கணக்குக்குத் திருத்தி வைக்காதது என் சோம்பல்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இதற்கெல்லாம் காவலாக ஒரு ஏழை வழி வைத்திருக்கிறேன், கருவி வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். 16 சென்டிமீட்டர் வாய் அகலப் புனல் ஒன்று, ஐந்து லிட்டர் கேன் ஒன்று, மருந்துக்கடை அளவுக்குடுவை ஒன்று. அந்தப் புனலில் 20 மில்லி சேர்ந்தால் 1 மில்லிமீட்டர் மழை. வானிலைத் துறை மாதிரியே காலை எட்டரைக்கு அளக்கிறேன். செப்டம்பரில் ஒரு சாயங்காலம் இங்கே நல்ல மழை, பாகாயத்தில் இருக்கும் என் மகள், "இங்கே ஒரு பொட்டு இல்லைப்பா" என்கிறாள், மெஷின் 3 மில்லிமீட்டர் காட்டுகிறது. காலையில் கேனை ஊற்றிப் பார்த்தால் 740 மில்லி, அதாவது 37 மில்லிமீட்டர். பொருளாளர் அம்மா ஏணியைப் பிடிக்க, ஏறிப் பார்த்தேன். மழை வாங்கும் வாயில் புறா எச்சமும் வேப்பிலைக் காம்பும் சேர்ந்து தக்கை மாதிரி அடைத்திருந்தது. ஒரு ஊதுவத்திக் குச்சியால் குத்தியதும் தேங்கியிருந்த தண்ணீர் இறங்கி, உள்ளே கிண்ணம் டிக் டிக்கென்று சாய்ந்துகொண்டே இருந்தது, முந்தின நாள் மழையை வெயிலில் நின்று எண்ணியது. அந்தக் குச்சி இப்போதும் மாடிப்படி ஜன்னலில் இருக்கிறது, யாரும் எடுக்க வேண்டாம்.

வரவு செலவு பொருளாளர் அம்மாவின் நோட்டில் விவரமாக இருக்கிறது. சுருக்கமாக, வரவு போன வருஷத்தை ஒட்டியே, செலவு அதைவிடக் கொஞ்சம் கூட, 'இதர' என்ற தலைப்பு சற்றுப் பருத்திருக்கிறது, அதில் சிமென்ட், போல்ட், குழாய், ஆட்டோ கூலி, டீ எல்லாம் அடக்கம். மாதம் நூறு ரூபாய் சந்தா. 112 வீடுகளில் 41 வீடு பாக்கி. "மழை எவ்வளவு சார்?" என்று அடைமழையில் எனக்குப் போன் பண்ணுபவர்களில் பாதிப்பேர் அந்த 41-இல் இருக்கிறார்கள். நான் ஒரு நாளும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

தலைவர் அவர்களின் வழிகாட்டுதலுக்கும், மாடியைத் தந்த மூன்றாவது தெரு அம்மாவுக்கும், தணிக்கை பார்த்துத் தரப்போகும் சாருக்கும் நன்றி.

அடுத்த வருஷத்துக்குப் பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. பேட்டரி மாற்ற வேண்டும், புறா உட்காராமல் முள்கம்பி கட்ட வேண்டும், குழாய்க்கு இழுகம்பி போட வேண்டும், எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்துக்குள். அது இரண்டு வீட்டு வருஷச் சந்தாகூட இல்லை. என் முழங்கால் இனி ஏணிக்கு ஒத்துழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், காலை எட்டரைக்குக் கேனை அளக்க மட்டும் ஒரு இளைஞர் வேண்டும். மாடிச் சாவி என்னிடம், நோட்டு படிக்கட்டு அலமாரியில்.

இப்படிக்கு,
செயலாளர்

பி.கு.: சங்க ஏணியை ஜனவரியில் வெள்ளையடிக்க எடுத்துப்போனவர், மழைக்காலத்துக்கு முன்னால் திருப்பித் தந்தால் நல்லது.