வலிக்கு என்ன போடுறீங்க என்றும் கேளுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

என் அம்மா மாத்திரைகளை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பார். அவருக்கு வயது 66. பிரஷர் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. முழங்கால் வலி அதற்கும் முந்தியது. போன வைகாசியில் எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் அக்கா வழக்கம்போல வந்து பிரஷர் பார்த்தார். 170க்கு 100 காட்டியது. முந்தின மாதம் 140க்குள் இருந்தது.

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களாம்மா?"

"ஒரு நாள் தவறலையே."

அக்கா விடவில்லை. போன மாதம் கொடுத்த அட்டைகளை வாங்கி எண்ணிப் பார்த்தார், கணக்குச் சரியாக இருந்தது. அப்புறம் கேட்டார்: "வேற ஏதாவது போடுறீங்களா? கால் வலிக்கு, கை வலிக்கு?" அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டு டின்னைத் திறந்தார். அடியில் இரண்டு அட்டைகள் கிடந்தன. ஒன்று ஆரஞ்சு நிற மாத்திரை, இன்னொன்று வெள்ளை. இரண்டுக்கும் வேறு வேறு பெயர். அக்கா அட்டையைப் பின்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பொடி எழுத்தைப் படித்தார். இரண்டிலும் இருந்தது ஒரே மருந்து, அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம். ஒரு நாளைக்கு இரண்டுதான் அதற்கு உச்ச அளவு. வலி கூடின நாட்களில் அம்மா ஆரஞ்சும் வெள்ளையுமாகக் காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு போட்டிருக்கிறார். "ஒண்ணு வலிக்கு, ஒண்ணு வீக்கத்துக்கு" என்று அவராகவே பிரித்து வைத்திருந்தார்.

எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "தீபாவளியிலேருந்து" என்றார். ஏழு மாதம்.

இதற்கு நடுவில் கால் வீங்கியது. ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். நீர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வேறென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று அங்கே கேட்டதற்கு அம்மா "பிரஷர் மாத்திரை" என்று மட்டும் சொன்னார். கூடவே இருந்த நானும் அப்படித்தான் சொன்னேன். வலி மாத்திரையை நாங்கள் இருவருமே மருந்தாக நினைக்கவில்லை. எங்கள் ஊர் மெடிக்கலில் சீட்டு இல்லாமல் பத்து பத்தாக வாங்கி வருவது, தைலம் மாதிரி. அவ்வளவுதான் எங்கள் நினைப்பு.

அக்கா சொன்னபடி மறுநாளே டின்னோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 2.9. சிறுநீரகம் பழுதானால் ஏறும் அளவு அது. ஒரு வருஷத்துக்கு முன்னால் எடுத்த சீட்டில் 0.9தான் இருந்தது. டாக்டர் உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். வலி மாத்திரையையும் நீர் மாத்திரையையும் நிறுத்தி, பிரஷர் மருந்தை மாற்றினார்கள். ஆறு வாரத்தில் 1.3க்கு இறங்கியது. டயாலிசிஸ் வரைக்கும் போகவில்லை. அந்த அக்கா டின்னைத் திறக்கச் சொல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அதனால்தான் இந்த மடல். ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். அந்த அக்கா தன் அக்கறையால் கேட்ட அந்தக் கேள்வியை, எல்லா வீட்டிலும் ஒவ்வொரு மாதமும் கேட்கும் கேள்வியாக ஆக்குங்கள்.

நீங்கள் அறியாததல்ல, ஆனால் எங்களைப் போன்ற வீடுகளில் யாரும் சொல்லாத விஷயம் என்பதால் எழுதுகிறேன். அடிபட்ட இடத்திலும் தேய்ந்த மூட்டிலும் வலியையும் வீக்கத்தையும் கூட்டுவது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் அது உடம்பில் உருவாவதையே தடுக்கின்றன என்று 1971இல் ஜான் வேன் கண்டுபிடித்தார். அதற்கு 1982இல் நோபல் பரிசும் கிடைத்தது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸன், எடோரிகாக்ஸிப் எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன. சிக்கல் என்னவென்றால், முழங்காலில் வலியைக் கூட்டும் அதே பொருள்தான் இரைப்பையின் உள்தோலைக் காக்கிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிறது. மாத்திரைக்கு முழங்கால் எது, சிறுநீரகம் எது என்று தெரியாது.

மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். வயலுக்குத் தண்ணீர் வரும் மடை ஒன்று, வடியும் மடை ஒன்று. அம்மா போட்ட பிரஷர் மாத்திரையான எனாலாபிரில் வடியும் மடையை அகலமாக்குகிறது. அது நல்லதுதான், சிறுநீரகத்தின் மேலுள்ள அழுத்தத்தைக் குறைக்கும். நீர் மாத்திரை ஆற்றிலேயே தண்ணீரைக் குறைக்கிறது. வலி மாத்திரை வரும் மடையை அடைக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தால் வயல் காய்ந்துதானே போகும்? வைகாசி வெயிலில் அம்மாவுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வேறு. அப்போதும் வலி மாத்திரையை நிறுத்தவில்லை.

பிரஷர் ஏன் ஏறியது என்பதற்கும் பதில் அதிலேயே இருந்தது. இந்த மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். பிரஷரைக் கூட்டும், காலை வீங்க வைக்கும். அந்த வீக்கத்துக்குத்தான் நீர் மாத்திரை வந்தது. ஒரு மாத்திரை செய்த வேலைக்கு இன்னொரு மாத்திரை.

உங்கள் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியபோதே அதன் முதல் நோக்கம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது. யோசித்துப் பாருங்கள், வலி மாத்திரையால் அதிகம் கெடக்கூடியவர்களும் அதே ஆட்கள்தான். வயதானவர்கள், பிரஷர் உள்ளவர்கள், சர்க்கரையால் ஏற்கெனவே சிறுநீரகம் கொஞ்சம் பழுதானவர்கள், இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுபவர்கள். அவர்களில் முழங்கால் வலி இல்லாதவர் எத்தனை பேர்? நடவு நட்டு, களை பறித்து, தண்ணீர்க் குடம் சுமந்த கால்கள். வேறு யாரும் நுழையாத வீட்டுக்குள் மாதாமாதம் நுழைகிறவர்கள் நீங்கள். டின்னைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று, இந்தக் கேள்வியைக் குற்றம் கேட்பது மாதிரி கேட்டுவிடக் கூடாது. "வலி மாத்திரை போடாதீங்க, கிட்னி போயிடும்" என்று சொன்னால் அடுத்த மாதம் டின் பரணுக்குப் போய்விடும். வலி சின்ன விஷயமில்லை. ராத்திரி கழிப்பறைக்கு எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணிடம் மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டு கையில் எதுவும் தராமல் போனால் அது நியாயமாகாது. இந்த மருந்துகள் கெட்டவை என்றும் நான் சொல்லவில்லை. டாக்டர் பார்த்து, சிறுநீரகத்தையும் பிரஷரையும் கணக்கில் எடுத்து, குறைந்த அளவில், தேவையான நாளுக்கு மட்டும் கொடுத்தால் எத்தனையோ பேரை நடக்க வைக்கிற மருந்துகள் அவை. அம்மாவுக்கு இப்போது முழங்காலில் தேய்க்க டைக்ளோஃபெனாக் ஜெல்தான் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் டாக்டர் சொன்ன அளவுக்குத்தான். தோல் வழியாக ரத்தத்தில் சேருவது மாத்திரையைவிட மிகவும் குறைவு.

வயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். "சாப்பிட்டுட்டுத்தான் போடுறேன், ஒண்ணும் ஆகாது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். "மாத்திரை வயித்துக்கு ஆகல, அதான் ஊசி போட்டுக்கிறேன்" என்பார்கள். சாப்பிட்டபின் போட்டால் எரிச்சல் குறையும், உண்மைதான். ஆனால் புண் வருவது மாத்திரை வயிற்றில் கிடப்பதால் மட்டுமல்ல. மருந்து ரத்தத்தில் கலந்து இரைப்பையின் காப்பையே குறைப்பதாலும்தான். ஊசியாகப் போட்டாலும் அதுவே நடக்கும். எங்கள் பெரியப்பாவுக்கு வயிற்று வலியே இல்லை. மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போயிருக்கிறது. முருங்கைக்கீரை சாப்பிட்டதால் என்று நினைத்துப் பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. குளியலறையில் மயங்கி விழுந்த பிறகுதான் ஹீமோகுளோபின் 6 என்று தெரிந்தது. அவர் இதயத்துக்கு ஆஸ்பிரினும் முதுகுக்கு டைக்ளோஃபெனாக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். 2013இலேயே ஐரோப்பிய மருந்து முகமை, இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அது எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகள் வயிற்றைக் காக்க உதவும், ஆனால் சிறுநீரகத்துக்கு அவற்றால் ஒரு காப்பும் கிடையாது. "கேஸ் மாத்திரையும் சேர்த்துத்தான் போடுறேன்" என்று தைரியமாக இருப்பவர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

அடுத்தது செட் மாத்திரை. "கை கால் வலிக்கு ஒரு செட் குடுங்க" என்றால் நாலு மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டிக் காகித உறையில் போட்டுத் தருகிறார்கள். பெயர் இருக்கும் பக்கம் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அதில் ஒரு வலி மாத்திரை இருக்கும், பல நேரம் ஒரு சின்ன ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். போட்ட அன்றைக்கே பறந்து போகலாம் போலிருக்கும், அதனால் திரும்பத் திரும்ப வாங்கத் தோன்றும். வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் சேர்ந்தால் இரைப்பைப் புண் வரும் ஆபத்து இன்னும் கூடுகிறது, சர்க்கரையும் ஏறுகிறது. மாதக்கணக்கில் செட் போட்டவர்கள் இதைப் படித்துவிட்டு அதைத் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது. ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் உடம்பு தாங்காது. டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

செட் மாத்திரையால் நடக்கும் இன்னொரு கேடு முடக்குவாதத்தை மறைப்பது. காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரம் மடங்காமல் இருப்பது, இரண்டு கையிலும் கணுக்கள் வீங்குவது, இதெல்லாம் தேய்மானம் அல்ல. அந்த நோய்க்கு மூட்டு அழிவதைத் தடுக்கும் மருந்துகள் தனியாக இருக்கின்றன; மெத்தோட்ரெக்ஸேட் அதில் ஒன்று, வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் போடுவது. வலி மாத்திரை அந்த வேலையைச் செய்யாது. முப்பது வயதுப் பெண் மூன்று வருஷம் செட் மாத்திரையில் ஓட்டினால், அந்த மூன்று வருஷத்தில் கோணிப்போன விரல் திரும்பி வராது.

மருந்துக் கட்டுப்பாடும் உங்கள் துறையின் கீழ்தான் வருகிறது. டைக்ளோஃபெனாக் மாத்திரை 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் அட்டவணை எச்-இல் இருக்கிறது. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது, ஆங்கிலத்தில், என் கண்ணுக்கே தெரியாத அளவில். இதே டைக்ளோஃபெனாக்கை மாடுகளுக்குக் கொடுக்க 2006இல் நாடே தடை போட்டது. ஊசி போட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. நம் மாநிலத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பாறுகளுக்காக இன்றும் பாடுபடுகிறார்கள். மனிதச் சிறுநீரகம் வேறு, பறவையினுடையது வேறு, தெரியும். ஆனாலும் பறவைக்காக எடுத்த அந்த அக்கறையில் ஒரு பங்கு எங்கள் ஊர் மெடிக்கல் வாசலிலும் தெரிய வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை என்று நினைக்கிறேன். உடனே எல்லாக் கடையையும் பூட்டச் சொல்லவில்லை. அட்டையை வெட்டும்போது பெயர் இருக்கும் துண்டோடு கொடுக்கட்டும். "பிரஷர், சுகர், கிட்னி பிரச்சினை இருக்கா?" என்று கேட்டுவிட்டு, இருந்தால் டாக்டரிடம் அனுப்பட்டும். தமிழில், பெரிய எழுத்தில் ஒரு பலகை இருக்கட்டும்.

தன்னார்வலர் சகோதரிகளே, உங்கள் சம்பளமும் வேலைச்சுமையும் எனக்குத் தெரியும். ஒரு நாளில் எத்தனை வீடு ஏறி இறங்குகிறீர்கள் என்பதும் தெரியும். மேலே இன்னொரு வேலையைச் சுமத்துகிறேனே என்று சங்கடமாகத்தான் இருக்கிறது. "வலிக்கு என்ன போடுறீங்க, வாரத்துல எத்தனை நாள்?" இதைக் கேட்க அரை நிமிஷம். அட்டையை வாங்கிப் பின்பக்கம் பார்க்க இன்னொரு அரை நிமிஷம். அதை பிரஷர் அளவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், டாக்டர் கண்ணில் படும். வாந்தி, பேதி, காய்ச்சல் என்று சாப்பிடாமல் கிடக்கும் நாளில் வலி மாத்திரையைத் தொடவே வேண்டாம், பிரஷர் மாத்திரையையும் நீர் மாத்திரையையும் பற்றி உடனே டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அதிகாரிகளே, அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் அச்சிட்டுக் கொடுங்கள். ஆமாம் என்று சொல்பவர்களுக்குக் கிரியாட்டினின் பார்க்க வழி செய்யுங்கள். உங்கள் திட்டத்திலேயே வீட்டுக்கு வரும் இயன்முறை சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்களை அவர்களிடம் சேர்த்துவிடுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்ன கையோடு மாற்று ஒன்றைக் கொடுத்த மாதிரி இருக்கும்.

அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. ராத்திரி சீரியல் ஓடும்போது நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக நீட்டி, பத்து எண்ணும் வரை அப்படியே வைத்திருந்து இறக்குகிறார். விளம்பரம் வந்தால் அடுத்த கால். முதல் மாதம் அலுத்துக்கொண்டார். இப்போது சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறார், வலி முழுதாகப் போய்விடவில்லை. அந்த அக்கா வரும் நாளில், அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பிஸ்கட் டின் திண்ணைக்கு வந்துவிடுகிறது.

நன்றியுடன்,
ஒரு மகள்,
தஞ்சாவூர் மாவட்டம்