ஓய்வைக் குற்றமாக்காதீர்கள்: என்.பி.ஏ. ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையர் ஆடம் சில்வர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் என்.பி.ஏ. என்னும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் ஆடும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியை இருபது வருடங்களுக்கு மேலாக விடாமல் பார்த்துவரும் ரசிகன் நான். பெரிய விருதுகளுக்கு ஒரு வீரர் குறைந்தது 65 ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும் என்று நீங்களும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து 2023-24 சீசனில் கொண்டுவந்த விதியைத் தளர்த்துங்கள். அப்புறம், ஒரு சீசனில் ஒவ்வொரு அணிக்கும் 82 ஆட்டங்கள் என்ற எண்ணிக்கையையும் குறையுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

2012 நவம்பர் 29 உங்களுக்கு நினைவிருக்கும். வெளியூர்ப் பயணத்தில் ஸ்பர்ஸுக்கு அது ஆறாவது ஆட்டம். ஐந்து இரவுகளில் நான்காவது. ஸ்பர்ஸின் கோச் கிரெக் பாப்பவிச், தன் முக்கிய வீரர்களான டிம் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி, டேனி கிரீன் நால்வரையும் மயாமியில் ஆட வைக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மிச்சமிருந்த பையன்கள் முந்தைய சீசனின் சாம்பியனான மயாமி ஹீட் அணியோடு கடைசிவரை மல்லுக்கட்டி, 105-100 என்றுதான் தோற்றார்கள். அந்த நால்வருக்கும் ஓய்வு கொடுத்ததற்காக அன்றைய ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் ஸ்பர்ஸுக்கு 2,50,000 டாலர் அபராதம் போட்டார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஏனென்றால், அந்த அணியின் கணக்கைப் பாருங்கள். 1999-2000 முதல் 2016-17 வரை, தொடர்ந்து 18 சீசன்கள், ஒன்றில்கூட 50 வெற்றிக்குக் குறையவில்லை. 1998 முதல் 2019 வரை 22 வருடங்கள் ஒன்றுவிடாமல் பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுக்குத் தகுதி. ஐந்து சாம்பியன்ஷிப். உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் நடந்த ஒப்பந்தத் தகராறால் (லாக்கவுட்) 66 ஆட்டங்களாகச் சுருங்கிய 2011-12 சீசனிலும் சரியாக 50 வெற்றி. அதே சீசனில்தான், மார்ச் மாதம் ஃபிலடெல்ஃபியாவோடு நடந்த ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோர் என்ற புள்ளிவிவரப் பட்டியலில், டங்கன் ஆடாததற்குக் காரணம் 'வயதாகிவிட்டது' என்று பதிவாகியிருந்தது. அந்த வயதானவர் அதன்பிறகு இன்னும் நாலு வருடம் ஆடினார். 40 வயதில் அவர் விடைபெற்ற சீசனில் அணி 67 ஆட்டங்களை வென்று, 15 ஆட்டங்களில்தான் தோற்றது. ஜினோபிலி 41 வயதில் ஓய்வு பெற்றார். இவ்வளவு நீண்ட ஓட்டம் தானாக வந்துவிடாது.

2013-14 சீசனில் ஸ்பர்ஸ் வீரர்களில் ஒருவர்கூட ஆட்டத்துக்குச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. ஆனாலும் 62 வெற்றி. இறுதிச் சுற்றில் அதே மயாமியை 4-1 என்று வீழ்த்தினார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் ஜினோபிலி இடப்பக்கமாகப் புகுந்து, எதிரே எழும்பிய மயாமி வீரர் கிறிஸ் பாஷின் தலைக்கு மேலே இடது கையால் பந்தைக் கூடைக்குள் அறைந்தாரே, அதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. 36 வயதுக்காரரின் கால் ஜூன் மாதத்தில் அப்படி எழும்பியதென்றால், குளிர்காலத்தில் பெஞ்சில் உட்கார்ந்த இரவுகளுக்கும் அதில் பங்கு இருக்கிறது என்றே நம்புகிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மறுக்கவில்லை. அபராதம் போட்ட அந்த 2012-13 சீசனில், பிளேஆஃபுக்கு முந்தைய ஆட்டங்களில், ஸ்பர்ஸ் மயாமிக்கு வந்தது ஒரே ஒரு முறை. டங்கனைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கி வந்த பிள்ளைக்கு அந்த இரவு ஏமாற்றம்தான். ஆனால் அந்தத் தவறு கோச்சுடையதா, ஐந்து இரவில் நாலு ஆட்டம் வைத்த அட்டவணையுடையதா? 2017-18 முதல் அப்படிப்பட்ட நெருக்கடியை நீங்களே அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டீர்கள். பாப்பவிச் சொல்லாமல் சொன்னதை ஏற்றுக்கொண்டதாகவே அதை எடுத்துக்கொள்கிறேன். மனதார நன்றி.

இப்போது 65 ஆட்ட விதி. 2024-25 சீசனில் ஸ்பர்ஸின் இளம் வீரர் விக்டர் வெம்பன்யாமா ஆட்டத்துக்கு 3.8 பிளாக் (எதிரணி எறியும் பந்தைத் தடுப்பது) என்று லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தார். பிப்ரவரியில் அவருடைய வலது தோளின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருப்பது தெரியவந்தது. அதோடு சீசன் முடிந்தது. ஆடியது 46 ஆட்டங்கள். சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதுக்கு அவர் பெயரைப் பரிசீலிக்கவே முடியவில்லை. 21 வயதுப் பையன் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய ஒன்றுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டதை, சோம்பலாக வெளியே உட்கார்ந்தவரின் கணக்கில் சேர்ப்பது எப்படி நியாயம்? சீசன் முடிவுக் காயத்துக்கு என்று ஒரு விலக்கு விதியில் இருக்கிறது, சரி. ஆனால் அதற்கே 62 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். 46 ஆட்டங்கள் ஆடியவருக்கு விருது தருவதா வேண்டாமா என்பதை, வாக்களிக்கும் பத்திரிகையாளர்களிடம் விட்டுவிடலாமே.

82 ஆட்டங்கள் என்ற வழக்கம் 1967-68 சீசனிலிருந்து தொடர்கிறது. அதைக் குறைத்தால் அரங்க வருமானமும் தொலைக்காட்சிப் பணமும் குறையும் என்பது தெரியும். உங்கள் மேசையில் இதுதான் மிகக் கடினமான கோப்பாக இருக்கும். ஒரேயடியாக வேண்டாம். முதலில் அடுத்தடுத்த இரவுகளில் வரும் ஆட்டங்களை மட்டுமாவது எடுத்துவிடுங்கள். அதற்கு எத்தனை ஆட்டங்களைக் குறைக்க வேண்டிவருமோ, அத்தனையைக் குறையுங்கள். அப்போது எந்தக் கோச்சும் நட்சத்திர வீரர்களை விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டியிருக்காது. டிக்கெட் வாங்கிய பிள்ளையும் அவர்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும்.

வீரர்கள் சங்கத்தோடு அடுத்த ஒப்பந்தத்துக்கு உட்காரும்போது, இந்த இரண்டையும் முதல் நாளே பேச்சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஸ்பர்ஸ் ரசிகன்